வாடகை வீட்டு பிரீபெய்ட் மீட்டர்: முதலில் அது யாருடைய மீட்டர் என்று பாருங்கள்

கேள்வி, 9 நவம்பர் 2024

"லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் ஒரு ரூம் எடுத்திருக்கிறேன். கேஸும் தண்ணீரும் வாடகையிலேயே சேர்த்தி. கரன்டுக்கு மட்டும் ரூமுக்கு ரூம் பிரீபெய்ட் மீட்டர். குளிர் தொடங்கியதும் வாரம் 15 பவுண்டு போட்டும் பற்றவில்லை. பிரீபெய்டில் யூனிட் விலையே அதிகம், மாதாமாதம் பில் வரும் வீடாகப் பார் என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். மாறிவிடலாமா?"

9 நவம்பர் 2024, இரவு

மாறுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லுங்கள். டாப்-அப் எங்கே செய்கிறீர்கள்?

பேபாயின்ட் கடையிலோ போஸ்ட் ஆபீஸிலோ சாவியைக் கொடுத்துப் பணம் ஏற்றுகிறீர்கள் என்றால் அது மின் நிறுவனத்தின் மீட்டர். ஹவுஸ் ஓனரிடமோ அவருடைய ஏஜென்டிடமோ கார்டு வாங்கிச் செருகுகிறீர்கள் என்றால் அது ஹவுஸ் ஓனர் தன் செலவில் மாட்டிய மீட்டர். நம்ம ஊரில் சப் மீட்டர் என்கிறோமே, அது. இரண்டையும் பிரீபெய்ட் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சட்டம் வேறு, விலை வேறு, போய்க் கேட்க வேண்டிய ஆளும் வேறு.

யூனிட் விலை பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வது சில வருடம் முன்புவரை சரி. மின் நிறுவனத்தின் மீட்டரில் பிரீபெய்ட் ஆட்கள் பில் கட்டுபவர்களைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். 2023 ஜூலையில் அரசு மானியத்தால் அந்த வித்தியாசத்தை எடுத்தார்கள். 2024 ஏப்ரலிலிருந்து ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் ஸ்டாண்டிங் சார்ஜை, அதாவது எரித்தாலும் எரிக்காவிட்டாலும் நாள்தோறும் கட்டும் நிலையான தொகையை, சமன்படுத்திவிட்டது. இன்று ஆஃப்ஜெம் வைக்கும் உச்சவரம்பு விலையில் பார்த்தால் பிரீபெய்ட் ஒரு மயிரிழை மலிவுகூட. இந்த 2024 அக்டோபர்-டிசம்பர் காலாண்டில் யூனிட் சுமார் 24½ பென்ஸ். வாரம் 15 பவுண்டு என்றால் 60 யூனிட். ஒரே ரூமில் ஒரு ஆள் 60 யூனிட் எரிப்பது லேசில் நடக்காது. காசு வேறு எங்கோ போகிறது.

10 நவம்பர் 2024

பதில் வந்தது. 10 பவுண்டு கார்டு, ஓனரின் ஏஜென்ட் ஞாயிற்றுக்கிழமை வந்து விற்கிறார், ரசீது கிடையாது. அப்படியானால் அது இரண்டாவது வகை.

நானும் இதே பக்கத்தில், இல்ஃபோர்டில், இப்படி ஒரு வீட்டில் இருந்திருக்கிறேன். கதவுக்கு மேலே ஒரு சாம்பல் பெட்டி, பக்கத்தில் கார்டு நுழைக்கும் வாய். பெட்டியில் பவுண்டு மட்டும் தெரியும், யூனிட் தெரியாது. எவ்வளவு எரிக்கிறோம் என்று தெரியாமலே எவ்வளவு தீர்ந்தது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த ஓனரும் நம்ம ஆள்தான். பொங்கலுக்குக் கரும்பு வாங்கிக் கொடுப்பார், கார்டு விலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் போனை எடுக்க மாட்டார்.

இங்கிலாந்தில் பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. ஓனர் தான் வாங்கிய கரன்டை வாடகைதாரருக்கு மறுபடி விற்றால், தான் கொடுத்த விலைக்கு மேல் ஒரு பென்ஸ் கூட வாங்கக் கூடாது. அதிகபட்ச மறுவிற்பனை விலை என்று ஆஃப்ஜெம் வகுத்த விதி, 1 ஜனவரி 2003இலிருந்து இன்றைய வடிவில் அமலில் இருக்கிறது. அவர் நிறுவனத்துக்குக் கட்டும் யூனிட் விலை, அதன் மேல் வீட்டு உபயோகத்துக்கான 5 சதவீத வாட் (VAT) வரி, ஸ்டாண்டிங் சார்ஜில் உங்கள் பங்கு, அவ்வளவுதான். கரன்டில் லாபம் பார்க்க அவருக்கு இடமில்லை. விலையை எப்படிக் கணக்கிட்டார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

10 நவம்பர் 2024, இன்னொன்று

இது கரன்டுக்குத் தனியாகக் காசு வாங்கும் வீடுகளுக்கான விதி. எல்லாம் வாடகைக்குள் அடக்கம், எவ்வளவு எரித்தாலும் ஒரே தொகை என்றால் பொருந்தாது. உங்கள் வீட்டில் கேஸ் அப்படி, கரன்ட் இப்படி. இந்தக் கலப்பு எனக்கு உறுத்துகிறது. பிறகு வருகிறேன்.

12 நவம்பர் 2024

யூனிட் என்ன விலைக்கு விற்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். யூனிட் காட்டாத மீட்டருக்கு நான் செய்தது இது.

2000 வாட் என்று எழுதியிருக்கும் ஹீட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரூமில் மற்ற எல்லாவற்றையும் அணையுங்கள், சார்ஜர் உட்பட. ஹீட்டரின் வெப்பநிலைத் திருகை உச்சத்தில் வைக்க வேண்டும், இல்லையென்றால் இடையில் தானாக நின்றுவிடும், கணக்கு கெட்டுவிடும். ஜன்னலைத் திறந்து வைத்தால் நிற்காது. மீட்டரில் இருக்கும் தொகையைப் போட்டோ எடுங்கள். சரியாக அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி போட்டோ. 2000 வாட் அரை மணி நேரம் என்றால் ஒரு யூனிட். இரண்டு போட்டோவுக்கும் நடுவில் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதுதான் உங்கள் யூனிட் விலை. நள்ளிரவை ஒட்டிச் செய்ய வேண்டாம், சில மீட்டர்கள் அந்த நேரத்தில் அன்றைய ஸ்டாண்டிங் சார்ஜை எடுக்கும்.

வேறு நாளில் இன்னொரு முறை செய்து பாருங்கள். இரண்டும் ஒத்துவந்தால்தான் அடுத்தவரிடம் காட்ட முடியும்.

15 நவம்பர் 2024

52 பென்ஸ் வந்ததாம். இரண்டு தடவையும்.

15 நவம்பர் 2024, மாலை

52 என்றதும் எல்லோரும் 24½ஐக் கழித்துப் பார்த்துக் கோபப்படுகிறோம். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 24½ என்பது வீட்டு வாடிக்கையாளருக்கான உச்சவரம்பின் சராசரி. பெரிய பகிர்வு வீடுகளை நடத்தும் ஓனர்கள் சிலர் வணிக ஒப்பந்தத்தில் கரன்ட் வாங்குகிறார்கள். வணிக ஒப்பந்தத்துக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. அவர் நிஜமாகவே 35 பென்ஸுக்கு வாங்கியிருந்தால் 35 வாங்கலாம், விதி அதைத் தடுக்காது. அதனால் "ஆஃப்ஜெம் விலைக்கு மேல் வாங்குகிறீர்கள்" என்று எழுதாதீர்கள். "நீங்கள் கட்டும் பில்லில் யூனிட் விலை என்ன, எனக்கு விற்கும் விலையை எப்படிக் கணக்கிட்டீர்கள்" என்று எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அல்ல, மின்னஞ்சலில். தேதியோடு நிற்கும்.

மீட்டர் வாங்கிய செலவு, ஏஜென்டின் ஞாயிற்றுக்கிழமைச் சம்பளம் என்றெல்லாம் சொல்வார்கள். அந்தச் செலவுகள் இருக்கலாம். யூனிட் விலைக்குள் அவற்றைச் சேர்த்துவைக்க முடியாது.

19 நவம்பர் 2024

வீட்டுக்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது என்று இன்னொரு வாசகி எழுதியிருக்கிறார். இவர் இருப்பது க்ராய்டனில், ஒரே மீட்டர், ஐந்து பேர், பொதுவாகக் காசு போடுகிறார்கள். மாவு அரைக்கும் அக்காவைத்தான் எல்லோரும் முறைக்கிறார்களாம்.

அந்த அக்காவை விட்டுவிடுங்கள். மேஜை வெட் கிரைண்டர் 150 வாட். முக்கால் மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டில் ஒன்பதில் ஒரு பங்கு, மூன்று பென்ஸ். ஒரு வாரத்துக்கு இட்லி மாவு கிடைக்கிறது. ரைஸ் குக்கர் ஒரு தடவைக்கு ஏழெட்டு பென்ஸ். ஒரு லிட்டர் தண்ணீர் கெட்டிலில் கொதிக்க மூன்று பென்ஸ். சத்தம் போடும் சாதனம் நிறையச் சாப்பிடுகிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை.

சூடு உண்டாக்குபவைதான் காசைத் தின்பவை. மின்சார ஷவர் 9 கிலோவாட்டை ஒட்டி இழுக்கும், பத்து நிமிடக் குளியல் ஒன்றரை யூனிட். துணி உலர்த்தும் டிரையர் ஒரு தடவைக்கே பல யூனிட். 2 கிலோவாட் ஹீட்டர் இரவு ஆறு மணி நேரம் முழுதாக ஓடினால் 12 யூனிட், மூன்று பவுண்டு. அடுத்து, வெந்நீர்த் தொட்டி இருக்கும் வீடு என்றால் அலமாரிக்குள் ஒரு சிவப்பு விளக்கு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். தொட்டிக்குள் தண்ணீரைச் சூடாக்கும் 3 கிலோவாட் கம்பியின் சுவிட்ச் அது. யாரோ எப்போதோ போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். கேஸ் பாய்லர் தண்ணீரைச் சூடாக்க, கூடவே இதுவும் சூடாக்கிக்கொண்டிருக்கும்.

எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் கரன்டை மிச்சம் பிடிக்கும் என்று கடையில் சொல்கிறார்கள். ஒரு யூனிட்டுக்கு ஃபேன் ஹீட்டர் தரும் அதே சூட்டைத்தான் அதுவும் தரும். மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும், சத்தம் இல்லை. அது வேறு சௌகரியம். மிச்சம் வேண்டுமென்றால் மெத்தை மேல் விரிக்கும் மின்கம்பளம் வாங்குங்கள், 100 வாட்டுக்குள்தான். அறையைச் சூடாக்காமல் ஆளைச் சூடாக்கும்.

20 நவம்பர் 2024

உறுத்தல் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். எனக்கு இந்த முழு விஷயத்திலும் மனசைக் கொதிக்க வைப்பது 52 பென்ஸ் அல்ல, இதுதான்.

கேஸ் யூனிட் இப்போது சுமார் 6 பென்ஸ். வீட்டைச் சூடாக்கும் பாய்லரில் கொஞ்சம் வீணானாலும் ஒரு யூனிட் சூடு 7 பென்ஸுக்கு வந்துவிடும். அதே சூடு கரன்டில் 24½. கேஸ் செலவு ஓனருடையது, கரன்ட் செலவு நம்முடையது என்று பிரித்திருக்கும் வீட்டில் என்ன நடக்கிறது? ஓனர் வீட்டின் சூட்டை ஏற்றி இறக்கும் தெர்மோஸ்டாட்டைப் பெட்டிக்குள் பூட்டுகிறார். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் பாய்லர். மீதி நேரம் குளிர்கிறது. ரூமில் இருப்பவர் ஹீட்டரைப் போடுகிறார், ஓனர் விற்கும் கார்டில். ஓனருக்கு 7 பென்ஸ் மிச்சம், நமக்கு 52 பென்ஸ் செலவு. அந்த 52இலும் ஒரு பங்கு அவருக்கே போகிறது. வீட்டைச் சூடாக்கும் பொறுப்பை ஒரு கார்டு மீட்டரை வைத்து நம் தலையில் மாற்றிவிட்டார்.

இல்ஃபோர்டு வீட்டில் எங்களுக்கு நடந்தது இது. அந்த ஜனவரியில் ரூமுக்குள் ஸ்வெட்டரோடு தூங்கினோம். சுவரில் கறுப்புப் பூஞ்சை படர்ந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வரும் கீழ் ரூம் தம்பிக்குப் பகலில் பாய்லரே கிடையாது, சம்பளத்தில் ஒரு பங்கு கார்டுக்கே போகும். ஊருக்கு அனுப்பும் பணத்தை அந்த மாதம் குறைத்துவிட்டு வீட்டில் வேறு காரணம் சொன்னான்.

வாடகை பேசும்போது கரன்ட் தனி என்பதைக் கேட்கிறோம். தெர்மோஸ்டாட் யார் கையில் என்று கேட்பதில்லை. அதைக் கேளுங்கள். இங்கிலாந்தில் வீடுகளின் பாதுகாப்பை உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் மதிப்பிடும்போது கடுங்குளிர் தனியாக ஒரு ஆபத்து வகை, 29 வகைகளில் ஒன்று. பூஞ்சையும் ஈரமும் இன்னொன்று. கவுன்சிலின் தனியார் வாடகை வீடுகள் பிரிவுக்கு எழுதும்போது "கரன்ட் விலை அதிகம்" என்று தொடங்குவதைவிட "அறையைச் சூடாக்கும் வசதி என் கட்டுப்பாட்டில் இல்லை" என்று தொடங்கினால் அவர்கள் வேலைக்குள் அது நேராக வரும்.

20 நவம்பர் 2024, இரவு

ஆறு பேர் என்றீர்கள். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள், ஒரே குடும்பம் இல்லாமல் சமையலறை, கழிவறையைப் பகிர்ந்து இருந்தால் அந்த வீட்டுக்குக் கவுன்சில் உரிமம் கட்டாயம். 2018 அக்டோபரிலிருந்து எத்தனை மாடி என்ற கணக்கும் கிடையாது. உரிமம் பெற்ற வீடுகளின் பட்டியலைக் கவுன்சில் இணையத்தில் வைத்திருக்கும். உங்கள் முகவரி இருக்கிறதா பாருங்கள்.

28 நவம்பர் 2024

சாவி மீட்டர் வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர் வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள், எல்லாம் ஒரே குழப்பம்: புதுசாகக் குடிவந்தோம், 20 பவுண்டு போட்டோம், 14தான் ஏறியது.

முன்பு இருந்தவரின் கடன் அது. மீட்டரிலும் சாவியிலும் அவருடைய கணக்குதான் ஓடுகிறது. கடனுக்காக வாரம் இவ்வளவு என்று பிடிக்கும்படி நிறுவனம் வைத்திருக்கும். நீங்கள் அந்தச் சாவியிலேயே பணம் போட்டுக்கொண்டிருந்தால் யாரோ ஒருவரின் கடனை அடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மீட்டரில் இருக்கும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் திரைகள் மாறும், அதில் கடன் மீதியும் வாரப் பிடித்தமும் தெரியும். குடிவந்த அன்றே மீட்டர் எண்ணிக்கையைப் போட்டோ எடுத்து, நிறுவனத்துக்குப் போன் செய்து, இந்தத் தேதியிலிருந்து நான் என்று சொல்லிப் புதுச் சாவி வாங்குங்கள். எந்த நிறுவனம் என்றே தெரியவில்லையா? லண்டனின் பெரும்பகுதியில் கம்பிகளைப் பராமரிக்கும் யூகே பவர் நெட்வொர்க்ஸிடம் முகவரியைக் கொடுத்தால் சொல்வார்கள்.

கடன் இல்லை, இருந்தும் குறைகிறது என்றால் எமர்ஜென்சி கிரெடிட்டாக இருக்கும். காசு தீர்ந்தபின் மீட்டர் தரும் அந்தச் சில பவுண்டை அடுத்த டாப்-அப்பில் முதலில் எடுத்துக்கொள்ளும். அந்த நாட்களின் ஸ்டாண்டிங் சார்ஜையும் சேர்த்து எடுக்கும். பலர் அதை இலவசம் என்று நினைத்திருக்கிறார்கள்.

29 நவம்பர் 2024

ஸ்டாண்டிங் சார்ஜ் என்றால் என்ன, ஒன்றும் போடாவிட்டாலும் ஏன் குறைகிறது என்று ஒரு தம்பி. கம்பிக்கும் மீட்டருக்கும் நாள்தோறும் கட்ட வேண்டிய நிலையான தொகை. இந்தக் காலாண்டில் நாட்டுச் சராசரி கரன்டுக்கு 61 பென்ஸ், கேஸுக்கு 31 அல்லது 32. லண்டனில் கரன்டுக்கு இதைவிடக் குறைவு, வட வேல்ஸ், லிவர்பூல் பக்கம் அதிகம்.

பகிர்வு வீட்டில் இது எங்கே கடிக்கும் என்றால், கிறிஸ்மஸுக்கு நாலு பேர் ஊருக்குப் போய்விட்டு இருவர் மட்டும் இருக்கும்போது. இருவரே முழுத் தொகையையும் சுமப்பார்கள். எரிக்கும் யூனிட்டை எப்படி வேண்டுமானாலும் பிரியுங்கள், ஸ்டாண்டிங் சார்ஜை மட்டும் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தலைக்கு இவ்வளவு என்று வையுங்கள். பிளேன் ஏறும் முன் அதைப் போட்டுவிட்டுப் போவது மரியாதை. எல்லோருமே போகிறீர்கள் என்றால் மீட்டரில் கொஞ்சம் காசு விட்டுப் போங்கள், இல்லையென்றால் ஃப்ரீசரில் இருக்கும் கருவாட்டுக் குழம்பின் கதி உங்களுக்கே தெரியும்.

8 டிசம்பர் 2024

"நிறைய எரித்தால் விலை ஏறிவிடும் அல்லவா, அதனால் ஒரே மீட்டரில் ஆறு பேர் இருப்பது நஷ்டம்தானே?"

தமிழ்நாட்டுக் கணக்கு அது. அங்கே இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப் போகப் படிப்படியாக யூனிட் விலை கூடும். ஒரே இணைப்பில் நாலு போர்ஷன் இருந்தால் எல்லோரும் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடுவார்கள். ஓனர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஒரே விலையாக வாங்கும்போது அந்தப் படிகளைக் காரணம் காட்டுவார். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு, நிறைய அநியாயமும் உண்டு.

இங்கே சாதாரணத் திட்டங்களில் படி கிடையாது. முதல் யூனிட்டும் ஆயிரமாவது யூனிட்டும் ஒரே விலை. ஸ்டாண்டிங் சார்ஜ் இருப்பதால் சேர்ந்து இருப்பவர்களுக்கு லாபமே. அதனால் "ஆறு பேர் எரிப்பதால் எனக்கு விலை ஏறுகிறது" என்று இங்கே ஓனர் சொன்னால் நம்ப வேண்டாம்.

14 ஜனவரி 2025

பொங்கல் நாளில் பழையது ஒன்று நினைவுக்கு வந்தது. 2022 குளிர்காலம். யூனிட் 34 பென்ஸுக்கு நின்றது, அதுவும் அரசு தாங்கிப் பிடித்த பிறகு. ஒவ்வொரு வீட்டுக்கும் 400 பவுண்டு உதவி, அக்டோபரிலிருந்து மார்ச் வரை மாதம் 66, 67 என்று. பில் கட்டுபவர்களுக்குத் தானாகக் கழிந்தது. பழைய சாவி மீட்டர்காரர்களுக்கு வவுச்சராக வந்தது, தபாலிலோ குறுஞ்செய்தியிலோ. கணக்கு யார் பெயரிலோ அவருக்கு.

பகிர்வு வீடுகளில் கணக்கு ஓனர் பெயரில், அல்லது எப்போதோ காலி செய்து போனவர் பெயரில். வவுச்சர் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. கரன்டை இடையில் இருந்து விற்பவர் அந்த உதவியில் உரிய பங்கை வாடகைதாரருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். எங்கள் ஓனர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. வவுச்சரை மாற்ற 2023 ஜூன் 30 கடைசி நாள், முடிந்துபோனது.

அதே குளிரில்தான் நிறுவனத்தின் ஆட்கள் பில் பாக்கிக்காக வயதானவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள் வீட்டுக்குள் வாரன்டோடு நுழைந்து பிரீபெய்ட் மீட்டர் மாட்டியதை 2023 பிப்ரவரியில் டைம்ஸ் நாளிதழ் வெளியே கொண்டுவந்தது. மாஜிஸ்திரேட் நீதிமன்றங்கள் அந்த வாரன்டுகளை நிறுத்திவைத்தன, ஆஃப்ஜெம் புது விதி போட்டது. 2022இல் டாப்-அப் செய்ய வழியில்லாமல் ஒரு முறையாவது கரன்டோ கேஸோ நின்றுபோனவர்கள் 32 லட்சம் என்று இலவச ஆலோசனை தரும் தொண்டு அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸ் மதிப்பிட்டது. நிறுவனம் கம்பியை அறுத்தால் அது துண்டிப்பு என்று பதிவாகும். காசு தீர்ந்து தானாக நின்றால் எந்தப் பதிவும் இல்லை, தானே இருட்டில் உட்கார்ந்தவர் ஆகிறார். இதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

2 பிப்ரவரி 2025

ஈஸ்ட் ஹாம் தம்பி மின்னஞ்சல் அனுப்பினார், பதில் இல்லை, மறுபடி அனுப்ப பயமாக இருக்கிறதாம்.

பயம் நியாயமானது. காரணம் சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸில் காலி செய்யச் சொல்லும் வழி 2025 தொடக்கத்தில் சட்டத்தில் இருந்தது. விசா, வேலை, முன்பணம் என்று எல்லாம் அந்த ரூமோடு கட்டியிருக்கும் நேரத்தில் "உரிமையைக் கேள்" என்று தூரத்திலிருந்து சொல்வது எளிது. தனியாகக் கேட்காதீர்கள், அதுதான் நான் சொல்வது. ஆறு ரூமிலும் அந்த அரை மணி நேரச் சோதனையைச் செய்து, ஆறு பேர் பெயரும் போட்டு ஒரே கடிதமாக அனுப்புங்கள். ஆறு ரூமையும் ஒரே நேரத்தில் காலி செய்ய எந்த ஓனரும் விரும்ப மாட்டார். அனுப்பும் முன் சிட்டிசன்ஸ் அட்வைஸிடமோ வீட்டுப் பிரச்சினைகளுக்கான தொண்டு அமைப்பான ஷெல்டரிடமோ ஒருமுறை காட்டுங்கள், காசு வாங்க மாட்டார்கள்.

கேட்டதற்காகக் கரன்டை நிறுத்தினால் அது வேறு குற்றம். பகிர்வு வீட்டை நடத்துபவர் தகுந்த காரணமில்லாமல் குடியிருப்பவரின் கரன்டையோ கேஸையோ தடைப்படுத்தக் கூடாது என்று 2006 நிர்வாக விதிகளில் நேராகவே எழுதியிருக்கிறது. அன்றே கவுன்சிலைக் கூப்பிடுங்கள்.

23 பிப்ரவரி 2025

சரி, எல்லாம் கேட்டபின் பிரீபெய்டே வேண்டாம் என்ற முடிவுக்குச் சிலர் வந்திருக்கிறீர்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

ஒருவரை ஒருவர் தெரியாத ஐந்தாறு பேர் சேர்ந்திருக்கும் வீட்டில் மாதாந்திர பில் யாராவது ஒருவர் பெயரில்தான் இருக்கும். மற்றவர்கள் கொடுக்காமல் காலி செய்துவிட்டால் அவர்தான் மாட்டுவார், அவருடைய கிரெடிட் ரெக்கார்டுதான் கெடும். படிப்பு முடிந்து ஊருக்குப் போனவர்களைத் தேடி யார் காசு வாங்குவது? மின் நிறுவனத்தின் பிரீபெய்ட் மீட்டரில் அந்தக் கடன் சேர வழியே குறைவு. விலையும் இப்போது சமம். ஸ்மார்ட் மீட்டராக இருந்தால் போனிலேயே ஏற்றலாம், இரவிலும் விடுமுறையிலும் காசு தீர்ந்தாலும் நிற்காது, நாள் கணக்கு தெரியும். நான் இப்போது இருக்கும் வீட்டில் நாலு பேர், அப்படித்தான் வைத்திருக்கிறோம். ரூமில் தனி ஹீட்டர் வைப்பவர் மட்டும் கூடுதலாக ஒரு தொகை போடுவார். கிரைண்டருக்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

நிறுவனத்திடம் நேராகக் காசு கட்டும் வாடகைதாரர் வேறு நிறுவனத்துக்கு மாறலாம், பில் முறைக்கும் மாற்றச் சொல்லலாம். ஓனரின் கார்டு மீட்டரில் இந்த வாசல் எதுவும் கிடையாது, அவர் யாரிடம் வாங்குகிறாரோ அவரிடம்தான் நீங்களும்.

26 பிப்ரவரி 2025

ஏப்ரல் 1 முதல் உச்சவரம்பு 6.4 சதவீதம் ஏறுகிறது என்று நேற்று அறிவித்துவிட்டார்கள். கரன்ட் யூனிட் சுமார் 27 பென்ஸ் ஆகும். கார்டு விற்கும் ஓனர்கள் இதைச் சொல்லி விலை ஏற்றுவார்கள். அவருடைய ஒப்பந்தம் ஒரு வருட நிலைவிலையாக இருந்தால் அவருக்கு ஏப்ரலில் எதுவும் ஏறாது. ஏற்றும் முன் பில்லைக் கேளுங்கள்.

6 ஏப்ரல் 2025

நல்ல செய்தி, பாதி. ஆறு பேரும் கையெழுத்துப் போட்ட கடிதத்துக்குப் பிறகு ஓனர் பில்லின் ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். யூனிட் 29 பென்ஸ். இனி கார்டை 31க்குக் கணக்கிட்டுத் தருகிறாராம். 29உடன் 5 சதவீத வாட் வரி சேர்த்தால் 30½ வரும், அதனால் 31 என்பது ஏறக்குறைய சரி. ஆனால் அந்த 29க்குள் வாட் வரி ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பில்லின் மறுபக்கத்தில்தான் இருக்கும், அதையும் கேட்கச் சொன்னேன்.

இதுவரை கூடுதலாக வாங்கியது என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். ஓனர் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. திரும்பக் கேட்கலாம். அதிகமாக வாங்கிய தொகையை வட்டியோடு மீட்க சிவில் நீதிமன்றத்துக்குப் போக வாடகைதாரருக்கு உரிமை உண்டு. ஆஃப்ஜெம் தனிப்பட்ட வழக்கில் இறங்காது, நாம்தான் போக வேண்டும். 10,000 பவுண்டு வரையான தொகைக்குச் சிறு உரிமைக் கோரிக்கை முறை இருக்கிறது, வக்கீல் இல்லாமலே நடத்தலாம். ஆறு வருடம் வரை பின்னோக்கிக் கேட்க முடியும் என்பதால் வீட்டைக் காலி செய்தவர்களும் கேட்கலாம். ரசீது இல்லாதது சிக்கல். ஆனால் ஏஜென்டுக்குப் பேங்க் ஆப்பில் அனுப்பிய பணம் ஒவ்வொன்றும் தேதியோடு அங்கேயே இருக்கிறது, பழைய கார்டுகளையும் சிலர் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து ஒரு தாளில் எழுதச் சொல்லியிருக்கிறேன். கையில் காசாகக் கொடுத்தவர்கள் அந்தந்த ஞாயிறு ஏஜென்டுடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகளை இப்போதே சேமித்து வையுங்கள், போன் மாற்றினால் போய்விடும்.